எட்டு லிட்டர் ஸ்நானம்

என்னிடம் ஒரு மோட்டார் கார் இருக்கிறது என்று சொன்னதும் நீங்கள் என்னைப் பெரிய மனிதர்கள் பட்டியலில் சேர்த்துவிட வேண்டாம். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பணத்தில், பெண்ணின் கல்யாணமும் என் பல் வைத்தியமும் போக மிச்சமிருந்ததைக் கொண்டு வாங்கிய சின்னக் கார் அது. நிறம் கறுப்பு.

"கறுப்பு வேண்டாம். அழுக்குத் தெரியும்" என்றாள் என் மனைவி.

"தெரிந்தால்தானே துடைக்கத் தோன்றும்!" என்றேன் நான்.

சில வார்த்தைகள் பின்னால் எத்தனை தூரம் நம்மைத் துரத்திக்கொண்டு வரும் என்பது அவற்றைச் சொல்லும்போது நமக்குத் தெரிவதில்லை.

மேற்கு மாம்பலத்தில் பன்னிரண்டு வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் கட்டடம் எங்களுடையது. பன்னிரண்டு வீடுகளுக்குப் பதினொரு கார்கள். அவற்றைத் துடைப்பவர் ஏழுமலை. விடியற்காலை நாலரை மணிக்கு வந்துவிடுவார். ஒரு வாளித் தண்ணீர், ஒரு துணி. அந்த வாளியில் இரண்டு காரை முடித்துவிடுவார். வண்டிக்கு மாதம் ஐந்நூறு ரூபாய்.

என் காரையும் அவர்தான் துடைத்தார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் அது என் பொறுப்பு. காலைக் காப்பி ஆனதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முப்பது அடி ரப்பர் குழாயைக் குழாயடியில் மாட்டி, காருக்கு அபிஷேகம் ஆரம்பித்துவிடுவேன். தண்ணீர் கூரையில் விழுந்து, கண்ணாடியில் வழிந்து, வாசல் வழியாகத் தெருவுக்கு ஓடும். அந்தப் பத்து நிமிஷமும் எனக்குச் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும்.

2018-ஆம் வருஷத்து வடகிழக்குப் பருவமழை சென்னையைக் கைவிட்டது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வற்றிக்கொண்டே வந்தன. தெருவுக்குத் தெரு லாரித் தண்ணீருக்குக் குடங்கள் வரிசையில் நின்றன. எங்கள் ஆழ்துளைக் கிணற்றில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. "நம் கிணறு, நம் தண்ணீர்" என்று என் மனச்சாட்சிக்கு நானே ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, மே மாதத்து ஞாயிறு ஒன்றில் வழக்கம்போல் அபிஷேகத்தைத் தொடங்கினேன்.

வாசல் கதவருகே ஓர் அம்மாள் நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். இடுப்பில் பச்சைப் பிளாஸ்டிக் குடம். ஓடுகிற தண்ணீரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சார், அந்தப் பைப்பைக் கொஞ்சம் இந்தக் குடத்துல விடுறீங்களா?"

விட்டேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை; பதினைந்து லிட்டர்க் குடம் நிரம்பி வழிந்தது. "நல்லா இருப்பீங்க சார்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். வாழ்த்திவிட்டுப் போனதால் வாயடைத்து நின்றேன். குடத்துக்கு ஒரு நிமிஷம் என்றால் பத்து நிமிஷத்துக்குப் பத்துக் குடம். நூற்றைம்பது லிட்டர்! ஞாயிறுதோறும் பத்துக் குடத்தை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாகத் தெருவில் கவிழ்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். குழாயை நிறுத்தினேன். கார் பாதி நனைந்தபடியே காய்ந்தது.

அடுத்த வாரமே எங்கள் கிணறும் இருமத் தொடங்கிற்று. மோட்டார் போட்டால் தண்ணீருக்குப் பதில் காற்று வந்தது. உடனே சங்கக் கூட்டம். சங்கத்தின் காரியதரிசி அடியேன்தான். யாருமே ஏற்காத பதவி என்பதால் ஏகமனதாக என் தலையில் கட்டியிருந்தார்கள். "இன்று முதல் கட்டடத்தில் காருக்குத் தண்ணீர் உபயோகிக்கக் கூடாது" என்று தீர்மானம் ஆயிற்று. ஏழுமலையின் வாளி அவ்வளவு பெரிய செலவில்லையே என்று நான் மெல்லப் பிரஸ்தாபித்தேன்.

"ஒருவருக்கு விட்டால் எல்லாருக்கும் விட வேண்டும். அதோடு அந்த ஒரே துணியால் என் புது வண்டியெல்லாம் கீறல்" என்றார் மூன்றாம் மாடிக்காரர்.

அறிவிப்பை எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். மறுநாள் காலை அதைப் படித்துவிட்டு ஏழுமலை என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"சார், பதினோரு வண்டிக்கும் சேத்து நான் செலவு பண்றது ஆறு பக்கெட்டு. பொண்ணு பிளஸ் டூ படிக்குது. இப்பப் போயி நிறுத்தினா எப்பிடி சார்?"

நூற்றைம்பது லிட்டரைத் தெருவில் விட்டவன் காரியதரிசி. தண்டனை ஏழுமலைக்கு. "ஒரு வாரம் பொறுங்கள், ஏதாவது வழி பார்க்கிறேன்" என்று சொல்லி அனுப்பினேன். வழி எது என்று எனக்குத் தெரியாது.

கடைத்தெருவில் விசாரித்ததில், தண்ணீரே இல்லாமல் கார் கழுவும் திரவம் ஒன்று கிடைக்கிறது என்றார்கள். பாட்டிலில் விசை வைத்தது. தெளித்துத் துடைத்தால் போதுமாம். வாங்கி வந்தேன். அப்போது எங்கள் தெருவைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஒரு வாரத்து மண் காரின் மேல் படிந்திருந்தது. நான் அந்த மண்ணின் மேலேயே தெளித்து, பழைய வேட்டித் துண்டால் வட்டம் வட்டமாகத் தேய்த்தேன். நிழலில் பார்த்தபோது கார் பளபளத்தது. வெயிலுக்குக் கொண்டுபோனதும் பானெட் முழுவதும் சிலந்தி வலை பின்னியது போல வட்ட வட்டமாகக் கீறல்கள்!

பாட்டிலின் மேல் பழியைப் போடலாம் என்று எண்ணி என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"வெள்ளிக் குத்துவிளக்கை மணல் போட்டுத் தேய்ப்பீர்களா?" என்றாள்.

"மாட்டேன்."

"காரைத் தேய்த்திருக்கிறீர்களே!"

அதற்கு மேல் அந்த வழக்கில் வாதத்துக்கு இடமில்லை.

நல்ல வேளையாக அந்த வாரம் என் தம்பி பிள்ளை சீனு பெங்களூரிலிருந்து வந்தான். கார் என்றால் சாப்பாட்டை மறக்கிற பையன். கீறலைப் பார்த்ததும், கிட்டத்தட்ட துக்கம் விசாரிக்கிற குரலில், "பெரியப்பா, என்ன செய்தீர்கள்?" என்றான். ஒப்புக்கொண்டேன். உட்கார வைத்துப் பாடம் நடத்தினான்.

"கார் கழுவும் சரக்கில் மூன்று ஜாதி. முதலாவது ஷாம்பு. நுரை வரும், கழுவியபின் அலசியே ஆகவேண்டும். இரண்டாவது நீங்கள் வாங்கியது. அது லேசான தூசிக்குத்தான். மண் படிந்த வண்டிக்கு ஆகாது. மூன்றாவது, வாளித் தண்ணீரில் கொஞ்சம் கலந்து, ஈரத் துணியால் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றி எடுப்பது. அலச வேண்டாம். 'ரின்ஸ்லெஸ் வாஷ்' என்பார்கள்."

"அலசாவிட்டால் சோப்பு வண்டியிலேயே தங்காதா?" என்று கேட்டாள் என் மனைவி. சீயக்காயை அலசாமல் விட்டால் தலை என்ன ஆகும் என்பது அவளுக்குத் தெரியும்.

"இது சாதாரணச் சோப்பு இல்லை பெரியம்மா. இதில் பாலிமர் என்ற பொருள்கள் இருக்கின்றன. அவை மண் துகளைச் சுற்றிக்கொண்டு, அதற்கும் வண்டியின் பூச்சுக்கும் நடுவில் வழவழப்பாக நின்றுவிடும். துகள் உராயாமல் துணிக்குள் போய்விடும். மணலில் இருக்கிற குவார்ட்ஸ் வண்டியின் மேல் பூச்சைவிடக் கடினம். அந்தப் பூச்சோ தலைமயிரைவிட மெல்லிசு. இரண்டும் நேராக உரசிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதுதான் இதில் உள்ள வித்தையெல்லாம்."

அமெரிக்காவில் டேவிட் கோடூசி என்ற ரசாயன நிபுணரின் கம்பெனி செய்யும் 'ஆப்டிமம் நோ ரின்ஸ்' என்ற சரக்கு இந்த வகையில் பிரசித்தம் என்றும், அதில் ஒரு பங்குக்குத் தண்ணீர் 256 பங்கு என்றும் சீனு சொன்னான். கணக்குப் போட்டேன். எட்டு லிட்டர்த் தண்ணீருக்குச் சுமார் முப்பது மில்லி. எட்டு லிட்டர் என்றால் அந்த அம்மாளின் குடத்தில் பாதிக்குச் சற்று மேல். காருக்கு அரைக் குடத்தில் ஸ்நானம்!

ஆனால் இப்போது பல கம்பெனிகள் இதைச் செய்கின்றன. எதை வாங்குவது? ஒவ்வொரு பாட்டிலும் தானே சிறந்தது என்று சொல்லிக்கொள்கிறது. நான் மூன்று சிறு பாட்டில்களை வாங்கி, நீச்சல் தெரியாதவன் குளத்தில் இறங்குவது போல மெதுவாகப் பரீட்சை செய்தேன். பெயர்களைச் சொன்னால் விளம்பரமாகிவிடும். கற்றுக்கொண்டதை மட்டும் சொல்கிறேன்.

முதலில், பாட்டிலின் விலையைப் பார்க்காதீர்கள். வாளியின் விலையைப் பாருங்கள். அப்படியே தெளிக்கும் சரக்கு அரை லிட்டர் வாங்கினால் எனக்கு இரண்டு தடவைக்கு வந்தது. முப்பது மில்லி கலக்கும் சரக்கு அதே அரை லிட்டர் பதினாறு தடவைக்கு வந்தது. விலை அதிகம் என்று நான் முதலில் ஒதுக்கி வைத்த பாட்டில்தான் கடைசியில் மலிவாக முடிந்தது.

இரண்டாவது, கலந்த தண்ணீரைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்துப் பாருங்கள். வெண்டைக்காய் நறுக்கிய விரல் போல வழுக்க வேண்டும். என் மூன்றில் ஒன்று வெறும் தண்ணீராகவே இருந்தது.

மூன்றாவது, உங்கள் வீட்டுத் தண்ணீரிலேயே சோதியுங்கள். எங்கள் கிணற்று நீர் உப்பு. கறுப்புக் காரில் அது காய்ந்தால் சுண்ணாம்புப் பொட்டு வைத்தது போல இருக்கும். ஒரு சரக்கு உலர்ந்ததும் வெள்ளைக் கோடு விட்டது. மற்றொன்றில், உடனே துடைத்தால் சுத்தமாக இருந்தது. கறுப்புக் காரின் அருமை அன்றுதான் தெரிந்தது. அதனிடம் பொய் சொல்ல முடியாது.

நாலாவது, மெழுகு, மினுமினுப்பு என்று கூட்டாளிகள் சேர்ந்த சரக்கு. என் முன் கண்ணாடியில் அது லேசாகப் படலம் விட்டது. எனக்கு வேண்டியது அழுக்குப் போவதுதான்; அலங்காரம் பிறகு ஆகட்டும் என்று எளிய சரக்கையே தேர்ந்தெடுத்தேன்.

ஆயினும் சரக்கில் பாதி வெற்றிதான். மீதி பாதி துணியில் இருக்கிறது. பழைய வேட்டி உதவாது. 'மைக்ரோஃபைபர்' துணி வேண்டும். பட்டு நூலைவிட மெல்லிய இழைகள் உள்ள அது மண்ணைத் தன்னுள் இழுத்து வைத்துக்கொள்ளும்.

எல்லாம் சேர்ந்ததும் ஏழுமலையைக் கூப்பிட்டேன். அவர் வாளியை எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், நுரையே வரலியே?"

"நுரை வராது."

"நுரை இல்லாம அழுக்கு எப்பிடி சார் போவும்?"

சீனு செய்து காட்டினான். எட்டு லிட்டர்த் தண்ணீரில் ஆறு துணிகளை ஊறப் போட்டான். அதே கலவையைக் கதவின் மேல் தெளித்து ஒரு நிமிஷம் ஊறவிட்டான். துணியை நாலாக மடித்தால் எட்டுப் பக்கம் கிடைக்கிறது. அழுத்தாமல், வட்டம் போடாமல், நேர்கோட்டில் ஒரே இழுப்பு. உடனே பக்கத்தைத் திருப்ப வேண்டும். எட்டுப் பக்கமும் ஆனால் அந்தத் துணி தனியே போய்விடும். மறுபடி வாளிக்குள் போகவே கூடாது. கூரையில் தொடங்கிக் கீழே வர வேண்டும், சக்கரம் கடைசி. வெயிலில் காய்ந்து சுடுகிற வண்டியைத் தொடக் கூடாது.

ஏழுமலை ஒரு வார்த்தை பேசாமல் பார்த்தார். முடிந்ததும் வாளிக்குள் எட்டிப் பார்த்தார். தண்ணீர் தெளிவாகவே இருந்தது. இருபது வருஷமாகத் தம் வாளியில் கறுப்புத் தண்ணீரையே பார்த்தவர் அவர்.

"அப்ப இத்தினி நாளும் அழுக்க எடுத்து அழுக்கு மேலயே பூசிக்கினு இருந்தேனா சார்?" என்றார் மெதுவாக.

"நான் பூசியது உங்களுக்குத் தெரியாதா?" என்று பானெட்டைக் காட்டினேன். இருவரும் சிரித்தோம்.

என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. "அந்த ஆறு துணியையும் துவைக்கத் தண்ணீர் வேண்டாமா? அதை யார் கணக்கில் எழுதுவது?" என்றாள்.

நியாயமான கேள்வி. மறுபடியும் கணக்கு. ஏழுமலை நாளுக்கு நாலு வண்டி வீதம் முறைவைத்துச் செய்தால் ஒவ்வொரு வண்டிக்கும் வாரம் இரண்டு முறை வரும். நாலு வண்டிக்கு முப்பத்திரண்டு லிட்டர். இருபத்துநாலு துணி துவைக்க மூன்று வாளி, நாற்பத்தைந்து லிட்டர். மொத்தம் எழுபத்தேழு. ஆக, காருக்கு எட்டு லிட்டர் இல்லை, இருபது என்றே வைத்துக்கொள்ளுங்கள். என் ரப்பர் குழாய்க்கு இந்த நாலு வண்டியும் அறுநூறு லிட்டர் கேட்டிருக்கும்.

இந்தக் கணக்குச் சீட்டோடு சங்கத்தைக் கூட்டினேன். மூன்றாம் மாடிக்காரர் தம் புது வண்டியை முதலில் தர மறுத்தார். கறுப்புக் காரை வெயிலில் நிறுத்திக் காட்டினேன். பழைய கீறல் இருந்தது. புதுக் கீறல் இல்லை. தீர்மானம் மாறிற்று: "ரப்பர் குழாய் கூடாது. காருக்கு அரை வாளி, ஏழுமலை மட்டும்." வாளியில் எட்டு லிட்டர் அளவுக்குச் சிவப்புக் கோடு போட்டுக் கொடுத்தேன். பதினொன்றில் இரண்டு பேர் விலகிக்கொண்டார்கள். ஒன்பது வண்டி ஏழுமலைக்கு நின்றது. துணிக்கும் சரக்குக்கும் சங்கமே பணம் கொடுத்தது. விலகிய இருவரும் தீபாவளிக்கு முன்பே திரும்பி வந்தார்கள்.

அந்த வருஷம் ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து முதல் தண்ணீர் ரயில் வில்லிவாக்கத்துக்கு வந்தது. ஐம்பது வாகன், இருபத்தைந்து லட்சம் லிட்டர். இருநூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து ஊர் குடிப்பதற்காக வந்த தண்ணீர். பத்திரிகையில் படத்தைப் பார்த்ததும் என் மூளை தானாகவே வகுத்துவிட்டது: என்னைப் போலப் பதினாறாயிரத்துச் சொச்சம் பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரப்பர் குழாயைப் பிடித்தால், அந்த ரயில் முழுவதும் சாக்கடையில். இந்தப் பெரிய ஊரில் பதினாறாயிரம் கார் ஒரு கணக்கா?

இந்த முறை சர்வரோக நிவாரணி என்று நான் சொல்லவில்லை. மழைக்காலத்தில் சேறு அப்பிக்கொண்டு வரும் வண்டிக்கு முதலில் தண்ணீர் அடித்துச் சேற்றைக் கரைத்தாக வேண்டும். துணியோடு அவசரப்பட்டால் மறுபடியும் மணலும் குத்துவிளக்கும் கதைதான். அப்போது தொட்டியில் பிடித்த மழைநீரைத் தொடுகிறோம்.

2024 மார்ச்சில் பெங்களூரிலும் பஞ்சம் வந்தது. குடிநீரால் கார் கழுவினால் ஐயாயிரம் ரூபாய் அபராதம் என்று அங்குள்ள குடிநீர் வாரியம் உத்தரவு போட்டது. "எனக்குக் கவலையில்லை பெரியப்பா" என்று சீனு தொலைபேசியில் சிரித்தான். எனக்கு அந்த அபராதம் பெரிதாகப் படவில்லை. ஒரு பச்சைக் குடத்துக்கு நான் செலுத்தியது அதைவிட அதிகம்.

அந்த அம்மாளை நான் பிறகு பார்க்கவில்லை. ஆனால் 2021 நவம்பரில் மழை கொட்டி ஏரிகள் நிரம்பியபோது, எங்கள் கட்டடத்துக்குப் புதிதாகக் குடிவந்த ஒருவர் என்னிடம், "இனித் தண்ணீருக்கு என்ன குறை? பழையபடி ரப்பர் குழாயில் அடிக்கச் சொல்லலாமே!" என்றார். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், பக்கத்தில் துணியை நாலாக மடித்துக்கொண்டிருந்த ஏழுமலை நிமிர்ந்தார்.

"அதெல்லாம் அந்தக் காலத்து வேல சார்" என்றார் அவரை இரக்கத்தோடு பார்த்து. "இப்ப யாரும் அப்பிடிச் செய்யறது இல்ல."